மட்காட்டில் இரண்டு எழுத்து

என்னை நம்பிய ஒருவருக்கு ஒரு சாதாரணக் காரை வேகக் கார் என்று நினைக்கவைத்து விற்றேன். நேரடியாகப் பொய் சொல்லவில்லையே என்று பல மாதங்கள் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த வாதத்தை இங்கே வைக்கப்போவதில்லை. ஏமாற்றினேன். அதற்குப் பிறகு, அவருடைய மகள் அந்தக் காருக்குள் செத்துப்போவாள் என்ற பயத்தோடு மாதக்கணக்கில் வாழ்ந்தேன்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். அகதியாக லண்டனுக்கு வந்தபோது அந்தப் படிப்பை இங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் பெட்ரோல் நிலையத்தில் நின்றேன். பிறகு பிளேஸ்டோவில், ரயில் பாலத்து வளைவுகளுக்குக் கீழே இருந்த ஒரு கராஜில் நெளிந்த கார்களை நேராக்கும் வேலையில் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன். எங்கள் ஆட்களுக்குள் எனக்கு ஒரு பெயர் வந்தது. பழைய கார் வாங்கப்போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் குனிந்து அடியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினால் வாங்குவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு இருந்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு, செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, துருப்பிடித்த அமெரிக்கக் கார் ஒன்றைத் திருத்தத் தொடங்கினேன். அறுபதுகளின் கடைசியில் செய்யப்பட்ட இரண்டு கதவுக் கார். மஸில் கார் என்று இன்று எல்லோரும் சொல்லும் வகை. அந்தக் காலத்தில் அங்கே ஒரே உடலை இரண்டு விதமாக விற்றார்கள். ஒன்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சாதாரணக் கார். மற்றது, பெரிய எஞ்சின், இறுக்கமான ஸ்பிரிங், வேறு விதமான பிரேக், தடித்த பின் அச்சு என்று எல்லாம் உள்ளே மாறிய வேகக் கார். வெளியே பார்த்தால் வித்தியாசம் இரண்டே இரண்டு எழுத்து. குரோமில் வார்த்த இரண்டு ஆங்கில எழுத்துகள், முன் கிரிலில் ஒரு சோடி, முன் சக்கரங்களை மூடும் இரண்டு மட்காட்டிலும் ஒவ்வொரு சோடி, டிக்கி மூடியில் ஒரு சோடி. அந்த எழுத்துகளையும் கொம்பனியின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. கொம்பனி ஒரு பிழையும் செய்யவில்லை.

அந்த மொடலில் காரின் தொடர் இலக்கத்தை வைத்து எந்த விதம் என்று சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒரு தாள். தொழிற்சாலையில் வேலையாட்கள் ஒவ்வொரு காருக்கும் என்ன பூட்டவேண்டும் என்று பார்த்த தாள். வேலை முடிந்ததும் அதைப் பின் ஆசனத்து ஸ்பிரிங்குகளுக்குள் செருகிவிடுவார்கள். நான் ஆசனத்தைக் கழற்றியபோது அது பழுப்பு நிறத்தில், எலி அரித்த ஓரத்தோடு, அங்கே இருந்தது. சிறிய எஞ்சின், சாதாரணப் பிரேக், சாதாரண அச்சு. அதை நாலாக மடித்துக் கல்லூரிக் காலத்துப் பாடப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த எழுத்துகளை அமெரிக்காவிலிருந்து தருவித்தேன். போலி அல்ல, அந்தக் காலத்திலேயே செய்து, ஒரு காரிலும் பூட்டாமல், பெட்டிக்குள் கிடந்தவை. உண்மையான கார்களின் படங்களை வைத்து அளவெடுத்து, மட்காட்டில் துளையிட்டேன். ஒரு மில்லிமீட்டரின் பாதிகூடப் பிசகவில்லை. புதுத் துளையின் ஓரம் மின்னும் என்று உள்ளே பழைய நிறத்தையும் கொஞ்சம் அழுக்கையும் தடவினேன். அந்த நேரத்தில் காரை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. பிறகு யாருக்காக அந்த ஓரத்துக்கு அழுக்குப் பூசினேன்?

வாங்கியவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தோர்ண்டன் ஹீத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவரும் பெட்ரோல் நிலையத்தில் நின்றவர்தான். கடையை நிமிர்த்தும்வரை ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. ஒரே மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வாடகைக் காரில் அனுப்பாமல், தானே ஓட்டிக்கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அதுவும் ஒருவரிடமும் இல்லாத கார். யாரோ என் காரைப் பற்றிச் சொல்லி, ஒரு ஞாயிறு பகல் வந்தார்.

காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். மட்காட்டுக்கு முன்னால் குந்தி, அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்தார்.

"அண்ணை, இது ஒறிஜினலோ?"

"ஓம் தம்பி, ஒறிஜினல்."

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் உதிரிப்பாகக் கடையில் நின்று வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பாகத்தைப் பற்றிய கேள்வி. ஒறிஜினலா, இந்தியனா, தாய்வானா என்று கேட்போம். பிளக் ஒறிஜினலாக இருக்கலாம், பெயரிங் ஒறிஜினலாக இருக்கலாம். ஒரு முழுக் காரைப் பார்த்து அப்படிக் கேட்க எங்கள் ஊரில் ஒரு முழுக் காரும் இருக்கவில்லை. பொருட்கள் வராத வருடங்களில் ஒரு காரின் கதவு இன்னொரு காருக்குப் போகும், லொறியின் விளக்கு காருக்கு வரும், எந்தக் காரின் பெயர் எழுத்தோ வேறெந்தக் காரின் மூக்கிலோ இருக்கும். அதை ஒருவரும் வாக்குறுதியாக எடுக்கவில்லை. அவருடைய விரல் எழுத்தின்மேல் இருந்தது. எழுத்து ஒறிஜினல். நான் சொன்னது எழுத்தைப் பற்றி. ஆனால் அவர் லண்டனில் முப்பது வருடம் வியாபாரம் செய்தவர். இங்கே அந்த இரண்டு எழுத்து எதைச் சொல்கிறது என்று வாசித்துவிட்டு வந்திருந்தார். அவர் கேட்டது காரைப் பற்றி. அவர் எழுந்தபோது முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, அவருக்கு என்ன விளங்கியது என்று எனக்கும் விளங்கியது. திருத்தவில்லை. "அண்ணை சொன்னால் பிறகென்ன, வேறை ஆளைக் கொண்டுவந்து காட்டுறதோ" என்று சிரித்தார். அடுத்த கிழமை காரைக் கொண்டுபோனார்.

முதல் இரண்டு மாதம் எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. வெட்கம் கொஞ்சம் இருந்தது. கார் நல்ல கார், மெதுவாக ஓடுகிற கார், இதனால் யாருக்கு என்ன என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் மத்தியானம் அவர் டெலிபோன் எடுத்தார். குரலில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோசம். கென்ற் பக்கம் ஒரு இடத்தில் பெரிய எஞ்சின் ஒன்று கிடைத்ததாம். பூட்டியாயிற்றாம்.

"பிரேக், அச்சு ஒண்டும் மாத்தத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள் அண்ணை. எழுத்தைப் பாத்த உடனை, இதுக்கு எல்லாம் ஏற்கனவே பெரிசாத்தான் இருக்கும் எண்டாங்கள்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தது ஞாபகம் இருக்கிறது.

அந்தக் காருக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். வேகக் காருக்கும் வெளியே பார்க்க அதே டிரம்தான். வித்தியாசம் உள்ளே உரசிப் பிடிக்கும் பட்டையில், லைனிங்கில். சாதாரண லைனிங் ஒரு தரம் பலமாகப் பிடித்தால் நிற்கும். இரண்டாம் தரம் சூடாகும். மூன்றாம் தரம் மிதியைக் காலால் அழுத்த அழுத்தக் கார் போய்க்கொண்டே இருக்கும். பின் அச்சு வேறு. பெரிய எஞ்சினின் முறுக்கை அந்த மெல்லிய அச்சு கொஞ்சக் காலம் தாங்கும், பிறகு ஒரு நாள் உள்ளே முறியும். முறிந்தால் சக்கரம் தண்டோடு வெளியே கழன்று வரும். நாற்பது வயது தாண்டிய காருக்கு இந்த நாட்டில் வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே எவரும் அதற்கு அடியில் குனிந்து பார்க்கப்போவதில்லை. குனிந்து பார்க்கக்கூடிய ஆள் என்று அவர் நம்பியது என்னை.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். "கவனமா ஓட்டுங்கோ தம்பி" என்று சொன்னேன்.

கார்ப் பூசைக்கு என்னைக் கட்டாயம் வரச் சொன்னார். போனேன். கோயிலுக்கு வெளியே ஐயர் வழக்கம்போல முன் கண்ணாடியில் சந்தனம் வைக்கப்போனார். இவர் அவரை மறித்து, "ஐயா, இதிலையும் வையுங்கோ" என்று மட்காட்டைக் காட்டினார். இரண்டு எழுத்துக்கும் ஒவ்வொரு பொட்டு. ஐயர் அது என்ன எழுத்து என்று கேட்டார். இவர் விளக்கினார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சக்கரத்துக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழம் நசிந்த பிறகு, "அண்ணை, முதல் ஓட்டம் உங்களோடை" என்று முன் ஆசனத்தில் என்னை ஏற்றினார்.

நோர்வூட் மேட்டுக்கு ஏறி, மறுபடி தோர்ண்டன் ஹீத் பக்கம் இறங்கினோம். அந்த இறக்கத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இரண்டு பக்கமும் நிறுத்திய கார்கள், இடையில் ஒரு பஸ், கீழே பாதசாரிக் கடவை. அவர் கதைத்துக்கொண்டே ஓட்டினார். மகள் சின்ன வயதில் கடையில் அரிசி மூட்டைமேல் இருந்து வீட்டுப்பாடம் செய்ததைச் சொன்னார். பஸ்ஸுக்குப் பின்னால் முதல் தரம் பிரேக் பிடித்தார், நின்றது. இரண்டாம் தரம், நான் எதிர்பார்த்ததைவிட ஒரு முழம் தள்ளி நின்றது. என் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எரிந்த லைனிங்கின் மணம் வந்தது.

"புது எஞ்சின் எண்டால் கொஞ்சம் மணக்கும் என்ன அண்ணை" என்றார்.

கடவையில் ஒரு தாய் குழந்தையை வண்டிலில் தள்ளிக்கொண்டு கடந்துகொண்டிருந்தாள். மூன்றாம் தரம் நாங்கள் நின்றபோது வண்டிலின் சக்கரத்துக்கும் எங்கள் பம்பருக்கும் இடையில் எவ்வளவு இடம் இருந்தது என்று நான் எழுதினால் நம்பமாட்டீர்கள். அவள் எங்களைப் பார்த்து நன்றி என்பதுபோலக் கையைத் தூக்கினாள். இவரும் கையைத் தூக்கினார்.

அப்போதும் சொல்லவில்லை. மேலும் ஒன்பது நாட்கள் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாட்களில் எனக்கு எதெல்லாம் பயம் என்று எண்ணிப் பார்த்தேன். அவருடைய மகள் சாவாள் என்ற பயம் முதலாவது என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் உள்ளதைச் சொன்னால், கோயிலில் ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்புவார்கள் என்ற பயம் சில நாட்களில் அதை முந்தியது. டெலிபோன் அடித்தால் மனைவியை எடுக்கவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன உங்களுக்கு, பிரஷர் குளிசை போட்டனீங்களோ என்று கேட்டாள். பத்தாம் நாள் காலை அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு என் மேல்சட்டையை எடுத்துவந்து கையில் தந்தாள்.

பாடப் புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ரயிலில் தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். கடையில் அவர் வெண்டிக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். வேண்டாம் என்றேன். தாளை அவருடைய கல்லாவுக்கு முன்னால் விரித்து, ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்தினேன். எந்த எஞ்சின், எந்தப் பிரேக், எந்த அச்சு. எழுத்துகளை நான் எப்போது வாங்கினேன், எங்கே துளைத்தேன், ஓரத்துக்கு என்ன பூசினேன். ஒரு வாடிக்கையாளர் வந்து கறிவேப்பிலை வாங்கினார். அவருக்கு மிச்சக்காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு இவர் மறுபடி தாளைப் பார்த்தார்.

"போன ஞாயிறு பிறைற்றனுக்குப் போனனாங்கள்" என்றார். "மோட்டர்வேயிலை. அவள்தான் ஓட்டினவள்."

நான் தாளின் மடிப்பை விரலால் நீவினேன்.

"என்ரை பிள்ளையை அதிலை ஏத்தினனான் அண்ணை. நீங்கள் பக்கத்திலை இருந்து வந்தனீங்கள். அண்டைக்கும் சொல்லேல்லை."

காரை நானே திரும்ப எடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பிரேக்கையும் அச்சையும் என் கையால், ஒரு சதம் வாங்காமல் மாற்றித் தருகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. அதுவும் பெரிதாக இல்லை.

"உங்கட கை இனி அதிலை படக்கூடாது."

என் வாழ்க்கையில் பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இமிகிரேஷன் அதிகாரி, கராஜ் முதலாளி, பஸ்ஸில் குடிகாரர்கள். இதைப்போல ஒன்றும் என்னைத் தொட்டதில்லை. ஏனென்றால் மற்றவர்கள் சொன்னது சரியாக இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன். இந்தப் பதிவு இலக்கமுள்ள கார் சாதாரண விதம், எழுத்துகள் என்னால் பூட்டப்பட்டவை, பிரேக்கும் பின் அச்சும் இந்த எஞ்சினுக்குப் போதாதவை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்து வைத்து, தபாலில் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து மகள் பேசினாள். 'மாமா' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். அவள் மருந்தாளர். மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல என் கடிதத்தை வரி வரியாக வாசித்து, எந்த வேகத்தில், எத்தனை தரம், எது முதலில் உடையும் என்று கேட்டாள். அப்பா ஒருவரோடும் பேசவில்லை என்றாள். என்மேல் கோபமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கு முன்னால் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

வேறொரு கராஜில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டார்கள். அதைச் சொல்ல அவரே டெலிபோன் எடுத்தார். அச்சு வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆகும், அதற்கு முன்னால் கலியாணம், பிறகு பார்ப்போம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அண்ணை, மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு இதுதான் அந்தக் கார் எண்டு நான் சொல்லிப்போட்டன். படமெல்லாம் அனுப்பியாச்சு. எழுத்தைக் கழட்டினால் துளை தெரியும். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கலியாணத்துக்கு அக்காவை மட்டும் அனுப்பிவிடுங்கோ."

என் மனைவியைத்தான் அக்கா என்றார். சரி என்றேன். அவர் கேட்கும் எதையும் மறுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு பிழை என்று இப்போது தெரிகிறது.

கலியாணத்தன்று காலை மனைவி சேலை கட்டிக்கொண்டு போனாள். நான் வீட்டில் இருந்தேன். முகூர்த்தம் பத்தரைக்கு. ஒன்பதே முக்காலுக்குக் கார் புறப்படும் என்று கணக்குப் போட்டேன். காரை அவர் மெதுவாகத்தான் மிதிப்பார், மகள் இருக்கிறாள், சேலை, மாலை, மெதுவாகத்தான் போவார் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கள் இளம் பெடியள் வாசலில் நின்று, எஞ்சின் உறுமப் பாய்ந்து காட்டச் சொல்வார்கள். அந்த ஒரு பாய்ச்சல் போதும், மெல்லிய தண்டு முறிய. மனைவிக்குப் போன் அடித்தேன், அவளுடைய போன் அணைத்திருந்தது. பத்தரை தாண்டியது. வெளியே ஒரு அம்புலன்ஸ் ஹை றோட்டால் போனது. அது இல்ஃபேர்ட் பக்கம் போகிறது, மண்டபம் இருக்கும் குரோய்டனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று படித்த மூளை சொன்னது. நான் எழுந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

மனைவி மூன்று மணிக்கு வந்தாள். கார் நன்றாக வந்தது, நன்றாக நின்றது என்றாள். எழுத்துகள் அப்படியே இருந்தனவாம், சுற்றிப் பூச்சரம் கட்டியிருந்தார்களாம். மாப்பிள்ளையின் தகப்பன் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தாராம். பாயசம் ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டிருந்தார்கள். எனக்கென்று யார் தந்தது என்று கேட்டேன். சனத்துக்குள்ளே தெரியவில்லை என்றாள்.

அச்சு மாற்றப்படவே இல்லை. இரண்டு மாதத்துக்குள் அவர் காரை விற்றுவிட்டார். அது எனக்குக் கோயிலில் மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரியும். வடக்கே லீட்ஸ் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், பந்தயத் திடலில் ஓட்ட வாங்கினாராம். கோயிலுக்கு வெளியே வந்து கடைக்காரத் தம்பிக்கு டெலிபோன் அடித்தேன். மூன்றாம் தரம் எடுத்தார்.

"தம்பி, என்ரை கடிதம், அந்தத் தாள், சேத்துக் குடுத்தனீங்களோ?"

"நீங்கள் எனக்குத் தந்த மாதிரித்தான் அண்ணை குடுத்தனான்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். வாங்கியவரின் பெயரைக் கேட்டேன். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

அந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் இணையத்தில் கூடுகிற ஒரு இடம் இருக்கிறது. அங்கே காரின் படங்களையும், பதிவு இலக்கத்தையும், அந்தத் தாளின் படத்தையும் போட்டு, செய்ததை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தக் காரை வைத்திருப்பவர் தயவுசெய்து பந்தயத்துக்குக் கொண்டுபோக முன்னர் என்னோடு பேசவேண்டும் என்று கேட்டேன். பதில்கள் நிறைய வந்தன. கிழட்டுக் கள்ளன் என்று ஒருவர் எழுதியிருந்தார், அது சரிதான். எல்லோரும் செய்வதுதானே, விடுங்கள் என்று சிலர். நாலு பேர் தனியாக எழுதினார்கள். நால்வருக்கும் ஒரே கேள்வி. துளைகளின் அளவு என்ன, மட்காட்டின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், ஓரத்துக்குப் பழைய தோற்றம் வர எதைப் பூசினீர்கள். வேலை மிகச் சுத்தமாக இருக்கிறது என்று ஒருவர் பாராட்டியும் இருந்தார்.

அவர்களுக்கு அளவைச் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒன்றையே எழுதினேன்: உங்கள் காரை ஜாக்கில் ஏற்றுங்கள், பின் அச்சின் மூடியில் எத்தனை போல்ட் என்று எண்ணுங்கள், பத்து என்றால் அது மெல்லிய அச்சு, பெரிய எஞ்சினோடு ஓட்டாதீர்கள். ஒருவர் எண்ணிவிட்டுப் பத்து என்று எழுதினார். அவருடையது நீலக் கார், வேல்ஸில் இருக்கிறது. நான் விற்றது சிவப்பு. அதை வைத்திருப்பவர் இன்னும் எழுதவில்லை. ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக்கு முன்னால் போய்ப் பார்க்கிறேன்.